நுரை வராத கிளென்சர், மூன்று வருடம்: தோல் தேறியது, பம்ப் தேறவில்லை

போன வாரம் பொள்ளாச்சியிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். “மாமா, நீங்க முகம் கழுவற அந்தக் கிளென்சரையே நானும் வாங்கட்டுங்களா?” என்று கேட்டான். அன்றைக்குக் காலையில்தான் பாட்டிலின் பம்ப், அழுத்தியது அழுத்தியபடியே உள்ளே நின்றுவிட்டிருந்தது. அந்தக் கோபத்தில் “வேண்டாம்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். மூன்று வருடம் உழைத்த பொருளுக்கு ஒரு சொல் போதாது என்று அப்புறம் தோன்றியது.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. கேரளா என்றதும் மழையையும் பச்சையையும் நினைப்பவர்களுக்கு எங்கள் சித்தூர் தாலுகாவைத் தெரியாது. மழை குறைவு, கிணறும் போரும் உப்பு. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடித்தால் உதடு வெடிக்கும், கன்னம் சொரசொரக்கும். நான் வேலை பார்ப்பது கோபாலபுரம் தாண்டி ஒரு தேங்காய்நார் மில்லில். சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தால் புருவத்திலும் மூக்கோரத்திலும் நார்த்தூள் செம்மண் மாதிரி அப்பியிருக்கும். வியர்வையில் ஒட்டிய தூள் லேசில் போகாது. அதனால் பல வருடம் குளிக்கிற சோப்பையே முகத்துக்கும் போட்டு, துண்டால் அழுத்தித் தேய்த்து எடுத்தேன். கழுவி முடித்ததும் முகம் இழுத்துப் பிடிக்கும். அதைத்தான் சுத்தம் என்று நினைத்திருந்தேன்.

உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, வெள்ளையாகத் திரியும். தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து உண்டாகும் கசடு அது. வாளி விளிம்பில் படிகிற அதே வெள்ளைதான் முகத்திலும் படிகிறது. மூன்று வருடம் முன்பு நான் மாறிய இந்தக் கிளென்சர் சோப்பு வகையே இல்லை என்பதால் அப்படித் திரிவதில்லை. முதல் வாரம் நுரையே வராமல் மோர் மாதிரி வழிந்ததைப் பார்த்து ஏமாந்துவிட்டேனோ என்றுதான் நினைத்தேன். ஆனால் கழுவிய பிறகு அந்த இழுப்பு இல்லை. பத்தாவது நாளோ என்னவோ, சவரம் செய்யும்போது கன்னம் எரியவில்லை. மூன்று வருடத்தில் இந்தப் பொருள் எனக்குத் தந்த பெரிய சந்தோஷம் அதுதான்.

காரணம் மில்லிலேயே கிடைத்தது. தேங்காய்நார்ப் பித்தை, அதாவது நார் பிரித்த பின் மிஞ்சும் தூளை, ஏற்றுமதிக்கு அனுப்பும் முன் கழுவி உப்பைக் குறைப்போம். அங்கே அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். மீட்டரும் எப்போதும் மேசையில் இருக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் என் பழைய சோப்பைக் கொஞ்சம் கரைத்து வைத்துப் பார்த்தேன்: 9.8. கிளென்சரைக் கரைத்துப் பார்த்தேன்: 5.6. நம் தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 5. இந்தக் கணக்கில் ஒரு எண் ஏறினால் காரம் பத்து மடங்கு. ஆக 5-க்கும் 10-க்கும் நடுவில் இருப்பது ஒரு லட்சம் மடங்கு. அந்தக் காரத்தை ஒரு நாளைக்கு நாலு தடவை முகத்தில் பூசினால், ஈரத்தைப் பிடித்து வைக்கிற மேல்தோல் எப்படித் தாங்கும்? பித்தைக் கழுவ ஒவ்வொரு தொட்டிக்கும் கணக்குப் பார்க்கிற நான், சொந்த முகத்துக்குப் பார்க்காமல் விட்டது இன்றைக்கும் வருத்தம்தான்.

பொருளை மட்டும் மாற்றினால் போதாது, கையையும் மாற்ற வேண்டியிருந்தது. காலையில் ஒரு தடவை, மில்லிலிருந்து வந்ததும் ஒரு தடவை, அவ்வளவுதான். முதலில் கையைக் கழுவுகிறேன். வெறும் தண்ணீரை நாலைந்து முறை முகத்தில் அடித்தால் தூளில் பாதி போய்விடும், அப்புறம்தான் கிளென்சர். சுடுதண்ணீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். விரல் நுனியால் அரை நிமிடம், ஹெல்மெட் வார் படுகிற தாடைக்கும் நெற்றி மேட்டில் முடி தொடங்குகிற இடத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக. துண்டை ஒற்றி எடுக்கிறேன், தேய்ப்பதில்லை. ஈரம் முழுசாகக் காயும் முன் கிரீம்.

சரி, பம்புக்கு வருகிறேன். இதுவரை பதினான்கு பாட்டில் தீர்த்திருக்கிறேன். ஆறு பம்ப் பாதியில் நின்றது. வாயில் கிளென்சர் காய்ந்து கட்டிக்கொள்ளும். அழுத்தினால் நேராக வராமல் பக்கவாட்டில் பீய்ச்சும். ஒருமுறை கண்ணிலேயே அடித்தது. இது கூடப் பரவாயில்லை. உள்ளே போகிற குழாய் அடியைத் தொடுவதே இல்லை, ஒரு விரற்கடை மேலேயே நிற்கிறது. தீர்ந்துவிட்டது என்று நினைத்த பாட்டிலை ஆக்சா பிளேடால் அறுத்து, சுவரில் ஒட்டியிருந்ததை வழித்து மில் தராசில் வைத்தேன். 31 கிராம்! 250 மில்லி பாட்டிலில் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு. 650 ரூபாயில் எண்பது ரூபாய் குப்பைக்குப் போகிறது. தண்ணீர் ஊற்றிக் குலுக்கித் தீர்க்கலாம் என்பார்கள். அந்தப் போர் தண்ணீரைப் பாட்டிலுக்குள் விட்டு வாரக்கணக்கில் வைத்திருக்க எனக்கு மனசு வராது.

2025 செப்டம்பர் 22 முதல் கட்டி சோப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. திரவ சோப்புக்குக் குறையவில்லை. இதன் விலையும் அப்படியே நிற்கிறது. பம்ப் சிக்கலைப் பற்றி தயாரிப்பாளருக்கு இரண்டு முறை படத்தோடு எழுதினேன். “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று வந்ததோடு சரி.

அக்கா மகனுக்கு வருகிறேன். அவனுக்குக் கன்னம் முழுக்கப் பரு. பருவுக்கு இது மருந்தில்லை. தோல் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். துகள் போட்ட ஸ்கிரப்பால் பருவைத் தேய்க்கிறானாம், அதை இன்றைக்கே நிறுத்த வேண்டும். வீட்டில் அக்கா பூசிவிடுகிற தேங்காய் எண்ணெயும் அவன் முகத்துக்கு வேண்டாம், துளை அடைத்துக்கொள்ளும்.

கிளென்சரைப் பற்றி மறுபடியும் “வேண்டாம்” என்றுதான் சொன்னேன். என் தோலை மீட்டது இதுதான், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் இந்தப் பம்போடு இன்னொரு பாட்டிலுக்கு நானும் காசு கொடுக்க மாட்டேன். சோப்பில்லாத, வாசனை சேர்க்காத, கடைசிச் சொட்டு வரை பிதுக்கி எடுக்கிற மாதிரி டியூபில் வருவது எதுவானாலும் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். நானும் அப்படி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அலமாரியில் இன்னும் ஒன்றரை பாட்டில் இருக்கிறது. பம்பைக் கழற்றி எறிந்துவிட்டேன். கவிழ்த்து உள்ளங்கையில் ஊற்றிக்கொள்கிறேன்.