ஒரே பெரிய மரபணுவா, பல சிறு மரபணுக்களா? எண்ணெய்வித்துப் பயிர்களில் பூஞ்சாண எதிர்ப்பு

விதைப் பையில் 'நோய் எதிர்ப்பு ரகம்' என்று போட்டிருந்தால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒற்றைப் பெரிய மரபணு நோயை வாசலிலேயே மறிக்கலாம். அல்லது பல சிறு மரபணுக்கள் சேர்ந்து, நோயை உள்ளே விட்டாலும் அதன் வேகத்தைக் குறைக்கலாம். இரண்டும் தோற்கும் விதம் வேறு என்பதால், கையில் இருப்பது எது என்று தெரிந்தாக வேண்டும்.

பெரிய மரபணுவுக்கு, கடுகுக் குடும்பத்து எண்ணெய்வித்துப் பயிரான கனோலாவின் தண்டைக் கறுக்கவைக்கும் பிளாக்லெக் என்ற பூஞ்சாண நோய் நல்ல எடுத்துக்காட்டு. பூஞ்சாணம் சுரக்கும் ஒரு புரதத்தை, கனோலாவின் ஆர்எல்எம் (Rlm) என்ற எதிர்ப்பு மரபணு வரிசையில் ஒன்று அடையாளம் கண்டதும், சுற்றியுள்ள செல்கள் தாமே மடிந்து பாதையை அடைத்துவிடும். சோதிப்பதும் எளிது. ஏழு முதல் பத்து நாள் நாற்றின் வித்திலையை ஊசியால் குத்தி, மில்லிலிட்டருக்கு ஒரு கோடி பூஞ்சாண வித்துகள் (ஸ்போர்கள்) உள்ள கரைசலில் 10 மைக்ரோலிட்டர் வைத்தால், இரண்டு வாரத்தில் விடை கிடைத்துவிடும். சிறிய கரும்புள்ளியோடு நின்றால் எதிர்ப்பு உண்டு. சாம்பல் நிறத்தில் பரவி, நடுவே மிளகுத்தூள் தூவியதுபோல் வித்துக்கூடுகள் தெரிந்தால் இல்லை.

பலவீனமும் இதே இடத்தில்தான். அந்த ஒரு புரதத்தை இழந்தால் போதும், பூஞ்சாணம் தப்பிவிடும். இது அறுவடைக்குப் பின் நிற்கும் கட்டைகளில் பாலினப்பெருக்கம் செய்து ஆண்டுதோறும் புதுக் கலவைகளை உருவாக்கும் இனம். அதனால் தப்பிப் பிழைத்த ஒன்று பெருகப் பல ஆண்டுகள் தேவையில்லை. பிரான்சில் ஆர்எல்எம்1 பரவலாகப் பயிரான சில பருவங்களிலேயே பயனற்றுப்போனது. ஆஸ்திரேலியாவின் ஐர் தீபகற்பத்தில் சர்பாஸ் 400 என்ற கனோலா ரகம் 2003இல் இப்படித்தான் சரிந்தது.

சிறு மரபணுக்களில் இப்படி ஒரே நாளில் உடையும் இடம் இல்லை. பதிலுக்கு, இலையில் புள்ளி வரத்தான் செய்யும். அதைப் பார்த்து 'எதிர்ப்பே இல்லை' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நிலக்கடலையின் பின்பருவ இலைப்புள்ளியில் பார்க்க வேண்டியவை வேறு: புள்ளி தோன்ற எத்தனை நாள், அதில் வித்து உருவாக எத்தனை நாள், புள்ளியின் அளவு, வித்தின் அடர்த்தி. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வித்து விழுந்து, புள்ளியாகி, புது வித்து வரும் ஒரு சுற்று 10 நாள் என்றால் 60 நாளில் ஆறு சுற்று; 15 நாளாக நீண்டால் நான்கே. சுற்றுக்குப் பத்து மடங்கு பெருகும் என்று வைத்துக்கொண்டால், முடிவில் நோய் நூறில் ஒரு பங்குதான்.

சிக்கல், இதை அளப்பதில். இலையைக் காம்படித் தடிப்போடு பறித்து, ஈரமணலில் நட்டு, வித்து தெளித்து, தினமும் எண்ண வேண்டும். கனோலாவில் நாற்றுச் சோதனை இதைக் காட்டவே காட்டாது. அறுவடைக்கு முன் செடியைப் பிடுங்கி, தண்டின் அடியைக் குறுக்கே வெட்டி, எத்தனை சதவீதம் கறுத்திருக்கிறது என்று மதிப்பிட வேண்டும். மழை தவறிய ஆண்டில் எல்லா ரகமும் நல்ல ரகமாகத் தெரியும்.

இரண்டுக்கும் நடுவே நிலக்கடலைத் துருநோய் நிற்கிறது. தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜிபிபிடி 4 ரகத்தில் இருக்கும் எதிர்ப்பு, அராக்கிஸ் கார்டினாசி என்ற காட்டினத்திலிருந்து வந்தது. செடிக்குச் செடி துருநோயில் காணும் வேறுபாட்டில் 80 சதவீதத்துக்கு மேல் ஒரே மரபணுப் பகுதியால் விளக்கப்படுகிறது. அதனால் மார்க்கர் (மரபணுவை அடையாளம் காட்டும் டிஎன்ஏ குறி) வைத்து டிஏஜி 24, ஜேஎல் 24 போன்ற ரகங்களுக்கு அதை மாற்ற முடிந்தது. ஆனால் காட்டினத்துத் துண்டோடு தடித்த ஓடும் நீண்ட வயதும் ஒட்டிக்கொண்டு வரலாம். பலமுறை பின்கலப்பு செய்து, அதாவது பழைய ரகத்தோடு மீண்டும் மீண்டும் கலந்து, களைய வேண்டும். இந்தத் துருப்பூஞ்சாணம் பெரும்பாலும் பாலிலா வித்துகளாலேயே பரவுவதால், பிளாக்லெக்கின் வேகத்தில் எதிர்ப்பை உடைக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை என்பது எங்கள் கணிப்பு.

அப்படியானால் எது? பிளாக்லெக்குக்கு, சிறு மரபணு அடித்தளத்தின் மேல் பெரிய மரபணு; தனியாக வேண்டாம். பிரான்சில் ஐந்து பருவம் நடந்த வயல் சோதனையில், பலவீனமான அடித்தளத்தில் வைத்த ஆர்எல்எம்6 மூன்று பருவத்தில் செயலிழந்தது. சிறு மரபணு எதிர்ப்பு வலுவாக உள்ள தார்மோர் ரகத்தின் அடித்தளத்தில் அதே மரபணு ஐந்து பருவமும் நின்றது. ஒரு எச்சரிக்கை: பெரிய மரபணு வேலை செய்யும்வரை அடித்தளம் எவ்வளவு பலவீனம் என்பது தெரியாது. தேர்வின்போது அந்தப் பெரிய மரபணுவை முறியடிக்கும் பூஞ்சாண வகையை வைத்தே சோதிக்க வேண்டும்.

இரண்டு பெரிய மரபணுக்களை அடுக்குவது மூன்றாவது வழி. அவற்றில் ஒன்று பக்கத்து வயலில் தனியாகவே பயிராகிக்கொண்டிருந்தால் பூஞ்சாணம் படிப்படியாக ஏறிவிடும். சில ஜோடிகளில் வேடிக்கையும் உண்டு: ஆர்எல்எம்7 அடையாளம் காணும் புரதம், ஆர்எல்எம்3க்கு உரிய புரதத்தை மறைக்கிறது. ஆர்எல்எம்7இடமிருந்து தப்ப அதை அழித்தால், பூஞ்சாணம் ஆர்எல்எம்3இடம் அகப்படலாம்.

கனோலாவைத் தாக்கும் இன்னொரு பூஞ்சாண நோயான ஸ்கிளெரோட்டினியா தண்டழுகலில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. முழு எதிர்ப்பு தரும் பெரிய மரபணு கிடையாது.

எந்த ரகமானாலும் முந்தைய ஆண்டுக் கனோலாக் கட்டையிலிருந்து 500 மீட்டர் தள்ளி விதைத்து, எதிர்ப்புக் குழுவை (ஒரே பெரிய மரபணுக்கள் கொண்ட ரகங்களின் தொகுதி) மாற்றிக்கொண்டே வாருங்கள். பெரிய மரபணு உள்ள ரகத்தின் இளஞ்செடி இலைகளில் வித்துக்கூடுகளுடன் சாம்பல் புள்ளி தென்பட்டால், மறு பருவத்துக்கு அதே குழுவை வாங்காதீர்கள். தண்டு கறுப்பதற்கு மாதங்கள் முன்பே வரும் அறிகுறி அது.