கூட்டுக்குள் ஒரு ரூபாய், வெளியே ஒரு ரூபாய்

பழைய நாணயத்தைத் தரச்சான்று நிறுவனத்திடம் கொடுத்து, மதிப்பெண் பெற்று, பிளாஸ்டிக் கூட்டில் அடைத்து வாங்கினால் விலை ஏறுமா என்று கேட்பவரிடம், எந்த நாணயம் என்று திருப்பிக் கேட்டாக வேண்டும். ஆகவே இரண்டு நாணயங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று 1918ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய். மற்றொன்று 1939ஆம் ஆண்டின் ஆறாம் ஜார்ஜ் ரூபாய். இரண்டின் எடையும் 11.66 கிராம், இரண்டிலும் வெள்ளி 91.7 சதவீதம், உருக்கினால் இரண்டுக்கும் ஒரே காசுதான் கிடைக்கும்.

1918 ரூபாய் கோடிக்கணக்கில் அச்சிடப்பட்டது. முதல் உலகப் போர்க்காலத்தில் வெள்ளித் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்கா பிட்மன் சட்டத்தின்கீழ் 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கி, அதில் பெரும்பகுதியை இந்திய நாணயத் தேவைக்காக பிரிட்டனுக்கு விற்றது என்பதிலிருந்தே, இங்கே ரூபாய் எவ்வளவு தேவைப்பட்டது என்பது விளங்கும். புழங்கித் தேய்ந்த 1918 ரூபாயின் விலை வெள்ளி விலையோடு ஏறி இறங்குவது. அதைப் போலி செய்வதில் பெரிய ஆதாயம் இல்லை. சான்றுக் கட்டணம், காப்பீடு, அனுப்பும் செலவு எல்லாம் சேர்ந்தால் சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடும் நிலையில், இதைக் கூட்டில் அடைப்பது வீண்செலவு என்பதே என் கணிப்பு. நாணயச்சாலையிலிருந்து வந்த மெருகு சற்றும் கெடாத நாணயம் கையில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

1939 ரூபாயின் கதை வேறு. 1940இல் ரூபாயின் வெள்ளி அளவு 50 சதவீதமாகக் குறைக்கப்பட்டதால், பழைய தரத்தில் வந்த கடைசி ஆண்டு ரூபாய் இது. கிடைப்பதோ மிக அரிது. 1938ஆம் ஆண்டு ரூபாயோ அவ்வளவு அரிதன்று. எனவே 8 என்ற இலக்கத்தைச் செதுக்கி 9 ஆக்கும் கைவேலை நெடுநாளாக நடந்துவருகிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸின்கீழ், விளக்கைச் சாய்த்துப் பிடித்து அந்தக் கடைசி இலக்கத்தைப் பார்த்தால், அதைச் சுற்றியுள்ள தளம் மற்ற இடங்களைப் போல் இழைவாக இல்லாமல், மழித்த கன்னம்போல் தனியே மின்னுவதும், சுழியின் ஓரத்தில் நுண்ணிய உளித்தடம் கிடப்பதும் சில வேளைகளில் தெரியும்; கைதேர்ந்த வேலையென்றால் தெரியாமலும் போகும். இந்த ஐயத்தின் விலையைத்தான் வாங்குபவர் ஒவ்வொரு முறையும் கழித்துக்கொண்டு பேசுகிறார். நம்பகமான சான்று அந்தக் கழிவை நீக்குகிறது. நாணயத்தில் புதிதாக எதையும் அது சேர்ப்பதில்லை. கூடில்லாத 1939 ரூபாயை, விற்பவரை நெடுங்காலம் அறிந்தவரைத் தவிர வேறு யாரும் முழு விலைக்கு வாங்கக் கூடாது.

மதிப்பெண் என்பது தொடக்கத்தில் விலைக் கணக்காகவே பிறந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1949இல் நாணய ஆய்வாளர் வில்லியம் ஷெல்டன் அமெரிக்காவின் பழைய பெரிய செம்பு சென்ட்டுகளுக்காக 70 புள்ளி அளவுகோலை அமைத்தபோது, மிகவும் தேய்ந்து ஒரு புள்ளி நிலையிலுள்ள காசு ஒரு டாலர் பெறுமானால் 70 புள்ளி நிலையிலுள்ளது 70 டாலர் பெறும் என்பதே அதன் அடிப்படை. அந்தப் பெருக்கல் சீக்கிரமே பொய்த்துவிட்டது, எண்கள் மட்டும் தங்கிவிட்டன. இன்று புழக்கத்தைக் காணாத நாணயங்கள் 60 முதல் 70 வரை மதிப்பெண் பெறுகின்றன. விலை அதில் படிப்படியாக ஏறுவதில்லை, சில இடங்களில் பாய்கிறது. சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் 1884ஆம் ஆண்டு மோர்கன் டாலர் என்ற அமெரிக்க வெள்ளி நாணயம் இதற்கு நல்ல சான்று. 32 லட்சம் அச்சிடப்பட்ட அந்த டாலர், தேய்ந்த நிலையில் சாதாரண விலைக்கே கிடைக்கும். தேயாத நிலையில் பல ஆயிரம் டாலர். உருவத்தின் கன்னத்திலும் கூந்தலிலும் தெரிவது இலேசான உராய்வா, அச்சின் குறையா என்ற ஒரே தீர்ப்பில் அவ்வளவு பணம் தொங்குகிறது. அதே நாணயச்சாலையின் 1881 டாலரோ தேயாத நிலையிலேயே தாராளமாகக் கிடைப்பதால், அங்கே அந்தத் தீர்ப்புக்கு இவ்வளவு கனம் இல்லை.

யாருடைய கூடு என்பதும் விலையைத் தீர்மானிக்கிறது. 1986இல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., 1987இல் தொடங்கிய என்.ஜி.சி. ஆகிய இரண்டு அமெரிக்கத் தரச்சான்று நிறுவனங்களும் தாம் தந்த தீர்ப்புக்கு உத்தரவாதம் அளிப்பதால்தான் ஏலங்களில் செல்லுபடியாகின்றன. பெயர் தெரியாத நிறுவனத்தின் கூடு வெறும் பெட்டிதான். இந்த இரண்டும்கூட ஒரே நாணயத்துக்கு வெவ்வேறு நாளில் வெவ்வேறு மதிப்பெண் தந்ததுண்டு. கூட்டை உடைத்து மறுபடி அனுப்பிப் பார்ப்பதை ஒரு தொழிலாகவே செய்பவர்கள் இருக்கிறார்கள். போலிக் கூடுகளும் உலவுவதால், சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தேடி, அங்குள்ள படத்தைக் கையிலுள்ள நாணயத்தோடு ஒப்பிடாமல் பணம் கொடுக்கக் கூடாது.

நம் வீடுகளிலிருந்து வரும் நாணயங்களுக்குச் சான்று பெரும்பாலும் பாதகமாகவே முடிகிறது. பூசையறை வெள்ளி ரூபாயைப் புளியும் விபூதியும் போட்டுப் பளபளக்கத் தேய்த்திருப்பார்கள். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்துப் பின்னர் அறுத்தெடுத்திருப்பார்கள். இத்தகையவற்றுக்கு எண் மதிப்பெண் கிடைக்காது. அசலே என்ற சான்றோடு, துலக்கப்பட்டது அல்லது சேதமுற்றது என்ற குறிப்பும் சேர்ந்தே வரும். வாய்மொழியாகப் பேசி விற்றிருக்கக்கூடிய குறையை, கட்டணம் கட்டி அச்சிட்டு வாங்கியதாகவே அது முடியும். 1939 ரூபாய் என்றால் மட்டும், அசல் என்று உறுதிப்படும் ஆதாயம் இந்த நட்டத்தை மிஞ்சக்கூடும்.

எஞ்சியிருப்பது சட்டம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத வயதுடைய நாணயம் தொல்பொருள்; மத்திய அரசும் அது அதிகாரம் அளித்த அமைப்பும் தவிர வேறு யாரும் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. எனவே 1918 ரூபாயை அமெரிக்காவுக்கு அஞ்சலில் அனுப்பி மதிப்பெண் வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. அதை வாங்கப்போகிறவரும் இந்நாட்டுக்குள்தான் இருப்பார் என்பதால், இங்கே எந்தச் சான்று மதிக்கப்படுகிறது என்பதே அதற்கான கேள்வி. 1939 ரூபாய்க்கு அந்தத் தடை இன்னும் வரவில்லை. அதற்கு நூறு வயது நிறைவது 2039இல்.