ஐஸ் துளைக்கும் ட்ரில் செற் என்று விற்கிறார்கள், 389 டொலர் போய்விட்டது, வாங்கமுன் இதை வாசியுங்கோ

ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியின் தெற்குப் பக்கம், குக்ஸ் குடாவில், 35 அடித் தண்ணீருக்கு அடியில் 6 அங்குல ஓகர் (ஐஸில் ஓட்டை போடுகிற சுருள் அலகு) ஒன்று சனிக்கிழமை முதல் கிடக்கிறது. அதைச் சுழற்றிய ட்ரில் கியர் உடைந்து மேசையில் கிடக்கிறது. ட்ரில்லும் இரண்டு பற்றரியும் 249, ஓகரும் இணைப்புத் தண்டும் 140. மொத்தம் 389 டொலர். ரொறன்ரோ, மார்க்கம் பக்கத்துச் சனம் இந்த மாதம் ஐஸில் ஓட்டை போட்டுப் பேர்ச் மீன் பிடிக்கப் போகிற நேரம், இந்தச் செற்றின் விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். என்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

விற்றவர் பெயரை எழுதவில்லை. சமூக ஊடகத்தில் விளம்பரம் போட்டு, வட்ஸ்அப்பில் விலை பேசி, இ-ட்ரான்ஸ்பரில் காசை வாங்கிக்கொண்டு, கடைத்தொகுதி ஒன்றின் கார் நிறுத்துமிடத்தில் பெட்டியைக் கையில் தருகிற ஆள். கடை என்று ஒரு கதவு கிடையாது.

நம்பியதற்கு இரண்டு காரணம். ஒன்று அவர் அனுப்பிய வீடியோ: பச்சைக் கைப்பிடி ட்ரில், கீழே ஓகர், இருபது விநாடியில் தண்ணீர் பொங்கி மேலே வருகிறது. மற்றது தமிழ். "அண்ணை, பெற்றோல் ஓகரைத் தூக்கி முதுகை முறிக்காதேங்கோ. இது பிரஷ்லெஸ் மோட்டர், 6 ஆம்பியர் பற்றரி, ஒருக்கா சார்ச் பண்ணினா முப்பது ஓட்டை. நானே ஒவ்வொரு கிழமையும் சிம்கோவில பாவிக்கிறன். எங்கட ஆக்களுக்குப் பொய் சொல்லுவனே?" அந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகு ரசீது கேட்க வாய் வரவில்லை. அந்த இடத்தில்தான் நான் பிழைவிட்டேன்.

பற்றரி ட்ரில்லால் ஐஸைத் துளைக்கலாம் என்று அவர் சொன்ன அடிப்படை பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். நல்ல 18 வோல்ட் பிரஷ்லெஸ் (கரித் தூரிகை இல்லாத மோட்டர்) ட்ரில், 80 நியூட்டன் மீற்றருக்கு மேல் முறுக்குவிசை, 13 மில்லிமீற்றர் சக் (தண்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்), பக்கக் கைப்பிடி, 5 ஆம்பியர் பற்றரி, கூரான அலகுள்ள 6 அங்குல ஓகர் இருந்தால், ஒரு அடி ஐஸைச் சிரமமில்லாமல் துளைக்கலாம். முதலாம் கியரில், கிளச் வளையத்தைத் துளையிடும் குறியில் வைத்து, சுத்தியல் முறையை நிறுத்தி, அமத்தாமல் ஓகரின் பாரத்திலேயே இறங்க விட வேண்டும். இம்பாக்ட் ட்ரைவர் (அடித்து அடித்துத் திருகாணி இறுக்கும் கருவி) இதற்கு ஆகாது. 8 அங்குல ஓகர் போட்டால் வெட்ட வேண்டிய ஐஸ் ஏறத்தாழ 1.8 மடங்கு கூடிவிடும், சாதாரண ட்ரில் திணறும்.

இந்த ட்ரில் 6 அங்குலத்துக்கே திணறியது. முதல் ஓட்டையில் 7 அங்குலம் இறங்கியதும் பற்றரி தானாக நின்றது. இரண்டாவது பற்றரி போட்டு முடித்தாயிற்று. அடுத்த ஓட்டையில், அடிப்பக்கம் உடைகிற நேரம், விளிம்பில் மிஞ்சிய மெல்லிய ஐஸில் அலகு கொழுவியது. எந்த ஓகருக்கும் அந்த இடம்தான் ஆபத்து: அலகு நிற்கும், ட்ரில் கையைத் திருப்பும். விளம்பரத்தில் இருந்த பக்கக் கைப்பிடி பெட்டியில் வரவில்லை, மணிக்கட்டு இன்னும் வீங்கியிருக்கிறது. உள்ளே 'கடகட' என்று பல் வழுகியது, சக்கிலிருந்து தண்டு கழன்றது, ஓகர் ஓட்டையால் கீழே போனது. தண்டில் ஓட்டையை விட அகலமான தடுப்புத் தட்டு ஒன்று இருந்திருந்தால் அது ஐஸின் மேலேயே நின்றிருக்கும். முழு இரும்பு ஓகர் மிதக்காது.

வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தபோது ஒவ்வொன்றும் பொய்.

பற்றரியில் 48VF, 6.0Ah என்று அச்சு. Ah என்பது ஆம்பியர்-மணி, பற்றரியின் கொள்ளளவு; பேச்சில் ஆம்பியர் என்றே சொல்வார்கள். VF என்பது வோல்ட் அளவே இல்லை, பெரிய இலக்கம் காட்டுவதற்காக ஒட்டுகிற எழுத்து. மீற்றர் வைத்தால் முழுச் சார்ச்சில் 20.4 வோல்ட், அதாவது வழமையான ஐந்து செல் தொடர். தராசில் 380 கிராம். 18650 அளவுச் செல் பத்துப் போட்ட உண்மையான 5 ஆம்பியர் பற்றரி 600 கிராமுக்கு மேல் வரும். உள்ளே ஐந்தே செல். அந்த அளவுச் செல்லில் மிகச் சிறந்ததே ஏறத்தாழ 3.5 ஆம்பியர்-மணிதான் கொள்ளும், ஐந்து செல்லை ஒற்றை வரிசையில் தொடுத்து 6 ஆம்பியர்-மணி எடுக்கவே முடியாது. ஐஸ் இறுக்கிப் பிடிக்கும்போது மோட்டர் 30 ஆம்பியர் இழுத்தால், பத்துச் செல் பற்றரியில் அது இரண்டு வரிசைக்குப் பிரியும். இதில் ஒற்றை வரிசையே முழுதையும் தாங்க வேண்டும். குளிரில் செல்லின் உள் தடை கூடும், வோல்ட் சரியும், பாதுகாப்புச் சுற்று வெட்டிவிடும். முதல் ஓட்டை பாதியில் நின்ற காரணம் இதுதான்.

மோட்டர் பிரஷ்லெஸ் இல்லை. இருட்டில் காற்றோட்டத் துளையால் பார்த்தால் நீலப் பொறி பறக்கிறது, அது கரித் தூரிகையின் பொறி. மோட்டருக்குப் போகும் தடித்த வயர் இரண்டு, பிரஷ்லெஸ் என்றால் மூன்று இருக்கும். கியர் பெட்டிக்குள் முதல் அடுக்குப் பிளாஸ்ரிக். இணைப்புத் தண்டு உருண்டையாக, வழுவழுப்பாக இருக்கிறது. அறுகோணமாகவோ மூன்று தட்டை முகத்தோடோ இருந்தால்தான் சக்கின் தாடை பிடிக்கும்.

வாங்கிய அன்று பலகையில் 10 மில்லிமீற்றர் துளை போட்டுப் பார்த்தபோது நன்றாகத்தான் ஓடியது. அந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை, எந்த மலிவு ட்ரில்லும் அதைச் செய்யும்.

பிறகு அவருடைய பதில்கள். சனி மாலை: "குளிர் அண்ணை, பற்றரியை ஜக்கெற்றுக்குள்ள வைச்சிருக்கோணும்." வைத்துத்தான் கொண்டுபோனது. ஞாயிறு: "நீங்கள் அமத்திப் போட்டீங்கள்." உடைந்த கியரின் படம் அனுப்பியதும்: "கொம்பனியோட கதைக்கிறன்." எந்தக் கொம்பனி என்று கேட்டால் பதில் இல்லை. திங்கள்: "8 ஆம்பியர் பற்றரி வந்திருக்கு, உங்களுக்கு 95 டொலருக்குத் தாறன்." 389 டொலரை விழுங்கிய ஆள் இன்னும் 95 கேட்கிறார்! பக்கக் கைப்பிடி எங்கே என்றதற்கு "அது வேற பெட்டியில வரும்". செவ்வாய் காலை தராசுப் படம் போனது. நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. மத்தியானம் அவருடைய முகப்புப் படமே தெரியவில்லை, மறித்துவிட்டார்.

வீடியோவை இப்போது நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், அதில் ட்ரில்லின் அடியில் இருப்பது இரட்டை வரிசைத் தடித்த பற்றரி. விற்றது மெல்லியது. பெட்டி கைக்கு வந்த அன்றே பார்த்திருக்கலாம்.

வங்கியைக் கேட்டாயிற்று. மற்றவர் கணக்கில் விழுந்துவிட்ட இ-ட்ரான்ஸ்பரைத் திருப்பி எடுக்க முடியாது என்கிறார்கள். 389 டொலர் அப்படியே போனது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை நோகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். காசு கடனட்டையில் மட்டும் கொடுங்கோ, முறையிட வழியாவது இருக்கும். ரசீது இல்லாமல் பெட்டியைத் தொடாதேங்கோ. பற்றரியைத் தராசில் வையுங்கோ. VF என்று கண்டால் திரும்பி வாங்கோ. தண்டு உருண்டையா, தடுப்புத் தட்டு இருக்கிறதா என்று பாருங்கோ. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், குளிர்ந்த பற்றரியை 0 பாகைக்குக் கீழே சார்ச்சில் போடாதேங்கோ, செல் உள்ளே பழுதாகும். பக்கக் கைப்பிடி இல்லாமல் ஐஸில் அந்த ட்ரில்லை ஓட்டவே வேண்டாம்.