ஓரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி: எட்டு மாதம் ஓடிய பெரோவ்ஸ்கைட் மினி மாட்யூல்

பெட்டியைத் திறந்ததுமே பிடித்துப்போனது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நிறையத் திட்டப் போகிறேன். உள்ளங்கை அளவு சூரிய மின்பலகை, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளால் அடர்பழுப்பில் ஒரு படலம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் லேசரால் கீறிய கோடுகள் மெல்லிசாகத் தெரியும். அந்தக் கோடுகளால் ஆறு பட்டைகளாக, அதாவது ஆறு செல்களாகப் பிரித்துத் தொடராக இணைத்திருக்கிறார்கள். ஜன்னலில் வைத்து மல்டிமீட்டரைத் தொட்டால் 6 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. பட்டைக்கு ஒரு வோல்ட்டுக்கு மேல்! சாதாரண சிலிக்கான் செல் ஒன்று 0.7 வோல்ட்டையே தாண்டத் திணறும். இத்தனைக்கும் இந்தப் படலத்தின் தடிமன் ஒரு மைக்ரானைக்கூடத் தொடாது.

படிப்பவர்களுக்கும் சின்ன ஆய்வகங்களுக்கும் விற்கிற நிறுவனம், பெயர் வேண்டாம். இரண்டு வாங்கினேன்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது செயல்திறன் எண், அதாவது விழுகிற வெளிச்சத்தில் எத்தனை சதவீதம் மின்சாரமாகிறது என்பது. இந்தத் துறைக்கே இருக்கிற வியாதி இது. 2009-ல் ஜப்பானில் விஞ்ஞானி மியாசாகாவின் குழு பெரோவ்ஸ்கைட் செல்லைப் பற்றி முதல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டபோது 3.8%தான், அதையும் உள்ளே இருந்த திரவம் சில நிமிடங்களில் கெடுத்துவிட்டது. இன்றைக்கு ஆய்வகத்தில் தனி செல் 26% தாண்டிவிட்டது. சிலிக்கானுக்கு மேல் இதை அடுக்கிய டேண்டம் செல்லில் சீன நிறுவனம் லாங்கி 2024-ல் 34.6% காட்டியது. ஆனால் சாதனை படைக்கிற செல்லெல்லாம் விரல் நகம் அளவு. அதே வருடம் பிரிட்டிஷ் நிறுவனம் ஆக்ஸ்ஃபோர்டு பிவி வணிகத்துக்கு அனுப்ப ஆரம்பித்த முழு அளவு டேண்டம் பேனல் 24.5%. நகத்திலிருந்து பேனலுக்குப் போகும்போது எண் இறங்கத்தான் செய்யும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எனக்குக் குறை வேறு. நண்பரின் ஆய்வகத்தில் முறையாக அளந்து பார்த்தோம். வோல்டேஜை மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே அளந்தால் பெட்டியில் போட்ட எண் கிட்டத்தட்ட வருகிறது, கீழிருந்து மேலே ஏற்றினால் அதைவிடக் குறைகிறது. படிகத்துக்குள் அயோடைடு அயனிகள் நகர்ந்துகொண்டே இருப்பதால் பெரோவ்ஸ்கைட்டில் இது எல்லாரும் அறிந்த சங்கதி, அதனால்தான் இரண்டு எண்ணையும் போடுவது நாணயமான வழக்கம். இவர்கள் நல்லதை மட்டும் அச்சடித்துவிட்டார்கள்.

சரி, மஞ்சள் புள்ளிக்கு வருவோம். மூன்றாவது மாதம், கம்பி வெளியே வருகிற மூலையில் கடுகளவு மஞ்சள். ஈரம் பட்டு, கரிமப் பகுதி பிரிந்துபோனால் மிஞ்சுகிற லெட் அயோடைடு (ஈயமும் அயோடினும் சேர்ந்தது) மஞ்சள். இவர்கள் பயன்படுத்தியிருக்கிற ஃபார்மமிடினியம் என்ற கரிம அயனி சேர்ந்த கலவைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: அறை வெப்பத்தில் அதற்குக் கறுப்பாக இருக்கவே பிடிக்காது, மஞ்சள் வடிவத்துக்கு மாறத் துடிக்கும். சீசியம் கொஞ்சம் சேர்த்துத்தான் பிடித்து வைப்பார்கள், ஈரம் உள்ளே புகுந்தால் அந்தப் பிடியும் தளரும். எந்த மஞ்சளாக இருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்றுதான் அர்த்தம். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மூன்று பக்கமும் ஈரத்தைத் தடுக்கிற கறுப்பு பியூட்டைல் ரப்பர் அழகாக ஓடுகிறது, கம்பி வரும் மூலையில் மட்டும் ஒரு சொட்டு எபாக்சி. தட்டையான கம்பிக்கு அடியில் எபாக்சி போகவே இல்லை, முடி நுழையும் அளவுக்கு இடைவெளி. படலத்தைச் செய்ய எத்தனை பேர் எத்தனை நாள் மண்டையைக் குடைந்திருப்பார்கள், கடைசியில் ஒரு சொட்டுப் பசையில் கோட்டை விட்டிருக்கிறார்கள். எட்டாவது மாதம் அந்தப் பட்டையே போய்விட்டது. தொடராக இணைத்ததால் மற்ற ஐந்தும் சேர்ந்து படுத்துவிட்டன.

கையேட்டில் '85 டிகிரி, 85% ஈரப்பதம், 1000 மணி நேரம்' என்று போட்டிருக்கிறது. அது சோலார் பேனல்களுக்கான சர்வதேசத் தரமான ஐஈசி 61215-ல் வருகிற சோதனைதான், ஆனால் இருட்டில் செய்வது. வெயிலும் சூடும் சேர்ந்து படும்போதுதான் பெரோவ்ஸ்கைட்டின் உண்மையான குணம் தெரியும். அப்படிச் சோதித்த வரைபடம் இருக்கிறதா என்று கேட்டு எழுதினேன், இருட்டுச் சோதனையின் வரைபடத்தையே வேறு நிறத்தில் அனுப்பினார்கள்.

இரண்டாவது மாட்யூல் இன்னும் உயிரோடு இருக்கிறது. முதலாவதைச் சும்மா திறந்த சுற்றாக வெயிலில் போட்டிருந்தேன், அது என் தப்பு. மின்னோட்டம் வெளியே போக வழியில்லாமல் கிடந்தால் இந்த வகை செல் வேகமாகத் தேயும். இரண்டாவதில் முதல் நாளே ஒரு மின்தடையைப் பொருத்திவிட்டேன். மூலை எபாக்சியின் மேல் பியூட்டைல் பட்டையும் ஒட்டினேன். வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் கட்டாயம் செய்யுங்கள். கையேட்டில் ஒரு வரி போட்டிருந்தால் எனக்கு ஒரு மாட்யூல் மிஞ்சியிருக்கும். அப்புறம், கண்ணாடி உடைந்தால் கையுறை போட்டு எடுங்கள், உள்ளே இருப்பது ஈயம்.

வீட்டுக்குள், எல்இடி வெளிச்சத்தில் சென்சார் ஓட்ட அருமையான பொருள். மாடியில் வைத்து வருடக்கணக்கில் ஓட்ட நினைத்தால் சிலிக்கானே வாங்குங்கள். ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம். அந்த அரை நட்சத்திரம் வாடிக்கையாளர் சேவைக்கு: புள்ளியைப் படமெடுத்து அனுப்பியதும் மறுபேச்சில்லாமல் மாற்றித் தர ஒத்துக்கொண்டார்கள். மாற்று மாட்யூல் நேற்று வந்தது. மல்டிமீட்டரை இன்னும் எடுக்கவில்லை, பூதக்கண்ணாடியில் மூலையைப் பார்த்தேன். மறுபடியும் எபாக்சிதான், இந்தத் தடவை இரண்டு சொட்டு.