பொனட்டுக்குள் எலி: பொறியா, கம்பி வலையா, கொச்சிக்காய் டேப்பா?

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் சில விடியல்களில் புல்மேல் உறைபனியே படிந்திருக்கும். அந்தக் குளிரில், நிறுத்தி வைத்த காரின் எஞ்சினில் மிஞ்சியிருக்கும் சூடு எலிக்குச் சொர்க்கம். பக்கத்தில் விறகு அடுக்கு, மாட்டுக்குப் புண்ணாக்கு, கோழித்தீன். போதாததற்கு மழைக்கென்று காரைப் படங்கு போட்டு மூடியும் விடுகிறோம். பிறகு எலி வராமல் என்ன செய்யும்?

புதுக் கார்களின் வயர் உறையில் சோயா சேர்ப்பதால்தான் எலி கடிக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. 2016இல் அமெரிக்காவில் டொயோட்டா மீது வழக்கே போட்டார்கள். ஆனால் சோயா வருவதற்கு முன்பிருந்த பிளாஸ்டிக் வயர்களையும் எலி விட்டுவைத்ததில்லை. அதன் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்தே ஆகவேண்டும். அதனால் வயர் எதனால் ஆனது என்பதை விட்டுவிட்டு, எலியை எப்படித் தடுப்பது என்று பார்ப்போம்.

முதலில் எல்லாரும் போவது வாசனைப் பக்கம்தான்: நப்தலீன் உருண்டை, புகையிலை, பினாயில். மூடிய அலுமாரிக்குள் உருண்டை வேலை செய்யும். எஞ்சின் அறையோ அடிப்பக்கம் திறந்து கிடப்பது. மணம் காற்றோடு போய்விடும். போகாத மிச்சம் ஏசி வழியாகக் காருக்குள் வந்து பிள்ளைகளுக்குத் தலைவலி கொடுக்கும். வேண்டாம்.

அல்ட்ராசொனிக் கருவியும் அப்படித்தான். 20 கிலோஹேர்ட்ஸுக்கு மேலான ஒலி எஞ்சின் பாகங்களைத் தாண்டிப் போகாது. பின்னால் ஒளிந்திருக்கும் எலிக்குக் கவலையில்லை. கேட்கிற எலிக்கும் கொஞ்ச நாளில் பழகிவிடும். 2001இலேயே அமெரிக்க வர்த்தக ஆணையம் இந்தக் கருவி விற்பவர்களை, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று எச்சரித்தது. பச்சை லைட் அழகாக மின்னும், அவ்வளவுதான்.

கொச்சிக்காய்க் காரத்தில் உண்மையிலேயே விஷயம் இருக்கிறது. அந்தக் காரம் பறவைகளுக்கு உறைக்காது, எலிக்கு உறைக்கும். ஹோண்டா நிறுவனம் காரம் ஏற்றிய டேப்பையே உதிரிப்பாகமாக விற்கிறது. ஆனால் தூளைக் கரைத்து அடிப்பது நம் மழைக்கும் மூடுபனிக்கும் தாங்காது. டேப் தாங்கும், விலைதான் கூட. வயர் முழுவதும் சுற்றத் தேவையில்லை, எலி ஏற்கெனவே கடித்த இடத்தில் சுற்றினால் போதும்.

கம்பி வலையை நான் மதிக்கிறேன், ஆனால் அது எதைக் காக்கும் என்று தெரிந்து வாங்க வேண்டும். சுண்டெலி பென்சில் கனமுள்ள ஓட்டையிலேயே நுழைந்துவிடும் என்பதால் கால் அங்குலக் கண்ணுக்கு மேல் போகக்கூடாது. வைப்பருக்குக் கீழே காற்று இழுக்கும் வாயிலும், எயார் ஃபில்டர் குழாயின் வாயிலும் வெட்டிப் பொருத்தினால் காருக்குள்ளும் ஃபில்டருக்குள்ளும் கூடு கட்டாது. எஞ்சின் வயரை அது காப்பாற்றாது. அடிப்பக்கத்தை முழுக்க வலை போட்டு அடைக்கவும் முடியாது.

நான் முதலில் பணம் போடச் சொல்வது பழைய எலிப்பொறியில்தான். தேங்காய்ச் சொட்டை நெருப்பில் வாட்டி, நூலால் கொக்கியில் இறுகக் கட்டுங்கள். சும்மா குத்தினால் நோகாமல் எடுத்துக்கொண்டு போய்விடும். எலி சுவரோரமாகத்தான் ஓடும், டயரில் தொற்றித்தான் ஏறும். ஆகவே பொறியின் இரைப் பக்கம் சுவரைத் தொடுகிற மாதிரி, டயருக்குப் பக்கத்தில் வையுங்கள். பெரிய எலி புதுச் சாமானைக் கண்டால் சந்தேகப்படும். இரண்டு மூன்று இரவு பொறியைப் பூட்டாமல் சும்மா தின்ன விட்டு, அப்புறம் பூட்டினால் மாட்டும். காலையில் காரை எடுக்குமுன் பொறிகளை எடுத்துவிட மறக்காதீர்கள்.

விஷம் கடைசி. கடையில் கிடைக்கும் பெரும்பாலான விஷம் இரத்தம் உறையாமல் செய்து, சில நாள் கழித்துத்தான் கொல்லும். அதற்குள் எலி எங்கே போய்ச் சாகும் என்று யாருக்கும் தெரியாது. ஹீட்டர் குழாய்க்குள் செத்தால் டாஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும். விஷம் தின்ற எலியைத் தின்னும் ஆந்தைக்கும் லயத்துப் பூனைக்கும் அதே கதி வரலாம். பூனை வளர்ப்பது நல்லதுதான், ஆனால் அதுவும் சூட்டுக்குப் பொனட்டுக்குள் ஏறும். ஸ்டார்ட் பண்ணுமுன் பொனட்டில் ஒரு தட்டு.

வசதி குறைந்தவர்களுக்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. தீனிச் சாக்கை இறுக்கமான மூடியுள்ள தகர பீப்பாயில் போடுங்கள், விறகடுக்கைக் காரிலிருந்து தள்ளி வையுங்கள், நாள்கணக்கில் ஓட்டாமல் விடாதீர்கள்.

கடித்துவிட்டதா? ஹைபிரிட் கார் என்றால் செம்மஞ்சள் கேபிளில் கை வைக்கவே கூடாது. பிரியஸில் பெட்டரியே 200 வோல்ட் வரும். பெட்ரோல் மணம் வந்தால் ஸ்டார்ட் பண்ணாதீர்கள், குழாயையும் கடித்திருக்கலாம். கூட்டை வெறுங்கையால் அள்ளாதீர்கள், எலிக்காய்ச்சல் இருக்கிற நாடு. கையுறை போட்டு, ப்ளீச் கரைசலால் நனைத்து எடுங்கள். வயரைப் பற்றவைத்து முடித்த அன்றே, அந்த இடத்தில் கொச்சிக்காய் டேப்பைச் சுற்றச் சொல்லிக் கராஜிலேயே கேளுங்கள்.