பிரிஸ்கோவா, லூப்போவா?

ஹட்டனில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் லயத்துக் காம்பராவில் இரவுக்கு 'லோ அன்ட் ஓர்டர்' என்ற அமெரிக்கக் குற்றவியல் தொலைக்காட்சித் தொடர்தான். மாமாவுக்கு 1992இல் வந்த துப்பறிவாளர் பிரிஸ்கோ போதும். பிணத்தைக் குனிந்து பார்த்து அவர் ஒரு நக்கல் விடுவார், உடனே தொடக்க இசை வரும். அதற்காகவே மாமா பிளேன்டீயைக் கீழே வைத்துவிடுவார்.

எனக்கு 2008இல் சேர்ந்த துப்பறிவாளர்கள் லூப்போ, பெர்னார்ட் சோடி. நடுவில் தொடர் சோர்ந்துதான் போயிருந்தது. அரச தரப்பு வழக்கறிஞர் மெக்கோய் பதவி உயர்ந்து மேலே போக, அவர் இடத்துக்குக் கட்டர் வந்தார். வழக்கை வெல்ல எதையும் வளைக்கும் ஆள். ஒரு காலத்தில் அதையே செய்த மெக்கோய் இப்போது அவரைக் கடிந்துகொள்வதுதான் வேடிக்கை!

நக்கலுக்குப் பிரிஸ்கோ, சரி. நீதிமன்றக் காட்சிகளுக்கு என் ஓட்டு கட்டருக்கே. புதிதாகப் பார்ப்பவர்கள் 18ஆவது சீசனில் தொடங்கலாம். மாமாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.