அலுவலகத்துக்குள் ஒரு ட்விட்டர்: வாட்ஸ்அப், யாம்மர், ஸ்லாக், பி2

ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. ஆர்டரைப் பையரோடு பேசி நடத்துகிற மெர்ச்சண்டைசர் எழுதுகிறார்: "லேப் டிப் மூன்றில் பையர் 'பி' ஷேடுக்கு ஓகே சொல்லிவிட்டார். துணி 160 ஜிஎஸ்எம் வேண்டாம், 180 வேண்டுமாம்." அவ்வளவுதான். (லேப் டிப் என்பது நிறத்துக்கு ஒப்புதல் வாங்க அனுப்பும் சாய மாதிரி; ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்.) இதை நிட்டிங், டையிங், கட்டிங், கணக்குப் பிரிவு எல்லோரும் இன்றே பார்க்க வேண்டும். நாளை ஷேடு சரியில்லை என்று தகராறு வந்தால், யாராவது தேடி எடுக்கவும் வேண்டும். இந்த இரண்டு வேலைகளையும் ஒரே கருவி நன்றாகச் செய்யுமா என்பதுதான் என் கேள்வி.

பெரும்பாலும் இது வாட்ஸ்அப் குரூப்பில்தான் விழும். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எல்லோர் போனிலும் இருக்கிறது, யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஷேடு கார்டைப் போட்டோ எடுத்து அனுப்பலாம், கை வேலையாக இருந்தால் வாய்ஸ் போடலாம். நீல டிக் விழுந்தால் ஆள் பார்த்துவிட்டார் என்று தெரிந்துவிடும். வேகத்தில் யாம்மர், ஸ்லாக், பி2 மூன்றும் இதன் பக்கத்தில் வராது.

சிக்கல் மறுநாள்தான். லாரி ஆபீஸ் சரக்கு ரசீது காப்பி, இரண்டு பிறந்தநாள் வாழ்த்து, ஒரு பவர்கட் அறிவிப்பு, அதற்கு ஆறு கட்டைவிரல் என்று வரிசையாக வந்து, அந்த 'பி' ஷேடு கண்ணுக்கெட்டாத தூரம் போயிருக்கும். வாய்ஸாகப் போட்டிருந்தால் எந்த வார்த்தையைப் போட்டுத் தேடுவது? புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்குப் பழைய பேச்சு தானாகத் தெரியாது. வேலையை விட்டுப் போனவரின் போனிலோ அத்தனையும் பத்திரமாக இருக்கும். அப்புறம் குரூப்புகள் குட்டி போடும்: 'டையிங்', 'டையிங் நியூ', முதலாளி இல்லாத இன்னொரு 'டையிங்'. உண்மையான பேச்சு நடப்பது அந்த மூன்றாவதில்.

இதற்கு நேர் எதிர் யோசனைதான் நிறுவனத்துக்குள் மைக்ரோபிளாக். யாரையும் விளிக்காமல் ஒரு வரியைப் பொதுவில் போடுவது. தேவைப்பட்டவர் பின்தொடர்ந்து படித்துக்கொள்வது. இதைப் பெரிய அளவில் விற்றுக் காட்டியது யாம்மர். டேவிட் சாக்ஸ் நடத்திய ஜெனி என்ற வம்சாவளித் தளத்தின் ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்த கருவி அது. 2008 செப்டம்பரில் டெக்கிரஞ்ச்50 என்ற புது நிறுவனங்களுக்கான போட்டி மேடையில் முதல் பரிசு வாங்கியது. ட்விட்டர் "என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டிருந்த காலம், யாம்மரின் பெட்டி "என்ன வேலையில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டது. அப்போது கம்பெனி ஈமெயில் முகவரி இருந்தால் போதும், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஊழியர்கள் தாங்களே இலவசமாகச் சேர முடிந்தது. கூட்டம் சேர்ந்த பிறகு, அதைக் கட்டுப்படுத்த விரும்பிய நிர்வாகம் காசு கட்ட வேண்டியிருந்தது. கில்லாடித்தனமான வியாபாரம்! 2012-ல் மைக்ரோசாஃப்ட் இதை 120 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-ல் விவா என்கேஜ் என்று பெயரையும் மாற்றிவிட்டது.

இதன் பலம் முகம் தெரியாதவரிடம் கேள்வி கேட்பது. பல ஊர்களில் ஆலை வைத்திருக்கும் கம்பெனியில், "180 ஜிஎஸ்எம் துணியில் இந்த ஷேடு யாருக்காவது வெளுத்ததா?" என்று ஒருவர் போட்டால், நீங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு டையிங் மாஸ்டர் பதில் போடக்கூடும். ஈமெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ இது நடக்காது, ஏனென்றால் யாருக்கு அனுப்புவது என்றே உங்களுக்குத் தெரியாது. ஆனால் நாற்பது பேர் வேலை செய்யும் இடத்தில் யாம்மர் ஆளில்லாத கல்யாண மண்டபம்தான். பெரிய இடங்களிலும் மேலதிகாரிகள் வந்து எழுதத் தொடங்கிவிட்டால் பதிவுகள் வரிசையாக வந்து விழும் ஓடை முழுக்க வாழ்த்தும் கைதட்டலுமாகி, கேள்வி கேட்பவர்கள் மெல்ல ஒதுங்கிவிடுவார்கள்.

ஸ்லாக் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, அதனால் சுருக்கமாக. கிளிட்ச் என்ற ஆன்லைன் விளையாட்டைச் செய்தவர்கள் தங்களுக்காகக் கட்டிய கருவி, 2014-ல் பொதுவில் வந்தது. ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு சேனல், நல்ல தேடல். இருந்தாலும் இது அரட்டைதான்: பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் உடனே பதில் வர வேண்டும் என்று எதிரில் இருப்பவர் நினைப்பார். இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் செய்திகள் மட்டுமே கண்ணில் படும். ஓராண்டைத் தாண்டியவை அழிக்கப்பட்டுவிடும். ஆர்டர் எடுத்ததிலிருந்து ஷிப்மெண்ட் போகும்வரை நான்கு மாதம் ஆகிற தொழிலுக்கு இது உதவாது. காசு கொடுத்தால் சரியாகும், ஆனால் அது ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கு.

என் ஓட்டு பி2-வுக்கு. வேர்ட்பிரஸ்.காம் என்ற வலைப்பதிவுத் தளத்தை நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனத்தின் உள்வீட்டுக் கருவி இது. 2008-ல் புரோலாக் என்ற பெயரில் வந்து, 2009-ல் பி2 ஆனது. அங்கே ஊழியர்கள் பல நாடுகளில், பல நேர மண்டலங்களில் இருந்து வேலை செய்கிறார்கள். ஒருவர் எழுதும்போது இன்னொருவர் தூங்கிக்கொண்டிருப்பார். அதனால் ஈமெயிலை ஓரங்கட்டிவிட்டு பெரும்பாலானவற்றை பி2-வில் எழுதுகிறார்கள். முகப்பின் உச்சியிலேயே எழுதும் பெட்டி. பதில்கள் அதனதன் கீழே விழும். ஒரு பதிவை 'தீரவில்லை' என்று குறித்து வைத்து, வேலை முடிந்ததும் 'தீர்ந்தது' என்று மாற்றலாம். கூட்டல் குறி போட்டு இன்னொரு குழுவின் பெயரை எழுதினால், அந்தக் குழுவின் பக்கத்திலும் சுட்டி விழும். நம் மெர்ச்சண்டைசரின் பதிவுக்குக் கீழே டையிங்காரர் "180-க்கு நூல் கவுண்ட் மாறும், விலை?" என்று கேட்பார், கணக்குப் பிரிவு பதில் போடும், விலை முடிவானதும் 'தீர்ந்தது'. ஆறு மாதம் கழித்து வருபவர் யாரையும் தொந்தரவு செய்யாமல் கதையை முழுதாகப் படிக்கலாம்.

குறையும் உண்டு. எழுதும் பழக்கம் வேண்டும்; மெஷினுக்கு முன்னால் நிற்பவர் இதைத் திறக்க மாட்டார். வேர்ட்பிரஸ் தளத்தைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒருவரும் தேவை. அது முடியாதென்றால் சென்னையிலிருந்து இயங்கும் ஜோஹோவைப் பாருங்கள். அவர்கள் அரட்டைக்கு கிளிக், ஓடைக்கு கனெக்ட் என்று இரண்டு பொருள்களைத் தனித்தனியாக விற்கிறார்கள். மைக்ரோசாஃப்ட்டிலும் அரட்டைக்கான டீம்ஸ் வேறு, ஓடைக்கான விவா என்கேஜ் வேறு. விற்பவர்களே பிரித்து வைத்திருப்பதை நாம் ஒரே குரூப்பில் அடைப்பானேன்? அவசரம் எல்லாம் வாட்ஸ்அப்பிலேயே நடக்கட்டும். முடிவானதை மட்டும், ஆர்டர் நம்பரோடு, மெர்ச்சண்டைசர் அன்று மாலைக்குள் ஓடையில் ஒரு வரி போட்டுவிட வேண்டும். எல்லோரையும் புதுக் கருவிக்கு இழுக்கிற வேலை மிச்சம்.

வாங்குவதற்கு முன் வெளியேறும் வழியையும் பார்த்துவிடுங்கள். ஃபேஸ்புக் 2016-ல் கொண்டுவந்த வொர்க்பிளேஸ், பெரிய பெரிய கம்பெனிகள் இருந்தும், 2024 மே மாதம் மூடுவிழா அறிவித்தது. சோதனைக் காலத்திலேயே ஒருமுறை 'எக்ஸ்போர்ட்' கொடுத்து, போட்டதையெல்லாம் வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். பி2 வேர்ட்பிரஸ் என்பதால், பதிவுகளை அப்படியே எடுத்து இன்னொரு வேர்ட்பிரஸ் தளத்தில் ஏற்றலாம். ஸ்லாக்கில் செய்திகள் ஜேசான் என்ற, கணினி படிப்பதற்கான உரைக் கோப்பாக வரும். ஷேடு கார்டு படத்துக்கு இணைப்பு மட்டும்தான் வரும், படத்தைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும்.